பெயர் எழுதப்படாத பத்தொன்பதாவது பாட்டு

கேசட்டின் அட்டையில் நீல மையில் 18 பாட்டுகளின் பெயர்கள் இருந்தன. ஓடவிட்டால் 19 பாட்டு வரும். எழுதியவருக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

1998ஆம் ஆண்டின் குளிர்காலம் அது. படிக்கப் போன இடத்தில் வாடகைக்கு வழியில்லாமல், தெற்கு லண்டனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வாரத்துக்கு இரண்டு இரவு சரக்கு அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். டூட்டிங்கில் ஒரு மாடியறையில் மூன்று பேரோடு ஜாகை. டூட்டிங் கடைத்தெருவில் முருங்கைக்காய் கிடைக்கும். யாழ்ப்பாணத் தமிழில் விலை கேட்கலாம். அங்கிருந்து இரவு பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டால் விடியும்வரை ஒரு தமிழ்ச் சொல் காதில் விழாது. டின் வரிசையில் என்னோடு நின்றவர் பிரிக்ஸ்டனில் பிறந்து வளர்ந்தவர்; பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் விடிகாலைத் தேநீர் வேளையில் பேச்சு பாட்டின் பக்கம் திரும்பியது. பங்க் ராக் என்பது வெறும் இரைச்சல் என்றேன். அதுவரை ஒரு பங்க் பாட்டையும் முழுதாகக் கேட்டிராததால் வந்த தைரியம். அவர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் 90 நிமிட கேசட் ஒன்றைக் கையில் திணித்தார். தி கிளாஷ் என்ற லண்டன் பங்க் குழுவின் 'லண்டன் காலிங்', 1979. தன் இசைத்தட்டிலிருந்து பதிவு செய்ததாகவும், பெயர்களை உறையைப் பார்த்து ஒன்றுவிடாமல் எழுதியதாகவும் சொன்னார்.

அந்தக் கேசட் வீடு மாறியதில் தொலைந்தது. சென்ற மாதம் அதே ஆல்பத்தின் பழைய பிரிட்டிஷ் இசைத்தட்டு, இரண்டு தட்டும் கீறலோடு, கைக்கு வந்துசேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மின்விசிறியை அணைத்துவிட்டு நான்கு பக்கங்களையும் வரிசையாகக் கேட்டேன். 22 வயதில் இதைக் கோபக்காரர்களின் ஆல்பம் என்று நம்பியிருந்தேன். இப்போது கேட்டால் பாட்டுக்குப் பாட்டு யாரோ ஒருவர் பயந்துகொண்டிருக்கிறார். வெள்ளத்துக்கு, போலீஸுக்கு, முதுமைக்கு, தனிமைக்கு. சொற்களில் இத்தனை பயம் இருந்தும் ஆல்பம் ஏன் நடுங்கவில்லை என்று யோசித்துக்கொண்டே கேட்டேன். முதல் பக்கம் முடிவதற்குள் விடை கிடைத்துவிட்டது. டிரம்ஸ் வாசிக்கும் டாப்பர் ஹீடன் எதற்கும் பயப்படவில்லை.

அவர்கள் பயந்ததற்குக் காரணமும் இருந்தது. 1979 தொடக்கத்தில் அந்த நால்வரிடம் புதிய பாட்டு இல்லை. பழைய மேலாளரோடு உறவு முறிந்திருந்தது. கையில் காசில்லை, ஆல்பங்களை வெளியிட்ட சிபிஎஸ் நிறுவனத்துக்குக் கடன். பங்க் செத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. லண்டனின் பிம்லிகோவில், காஸ்டன் தெருவில், வண்டி பழுதுபார்க்கும் கூடத்துக்குப் பின்னால் இருந்த வனிலா என்ற ஒத்திகை அறையில் போய் அடைந்துகொண்டார்கள். பகலில் ஒத்திகை, இடையில் எதிரே இருந்த மைதானத்தில் கால்பந்து. முரட்டு ஆட்டமாம். அந்த அறையில் பதிவு செய்த ஒத்திகை நாடாவைத் தயாரிப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை ஏற்ற உதவியாளர், வழியில் குடித்துவிட்டு ரயிலில் தூங்கி நாடாவைத் தொலைத்தார். அதன் பிரதி 25 ஆண்டுகள் கழித்து, 2004இல், கிதார்காரர் மிக் ஜோன்ஸின் பெட்டிகளுக்குள்ளிருந்து கிடைத்தது.

அந்தத் தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ். ஹைபரியில் தேவாலயக் கூடமாக இருந்து ஒலிப்பதிவுக்கூடமாக மாறிய வெஸ்ஸெக்ஸில் வேலை நடந்தது. ஸ்டீவன்ஸின் வேலை முறையை விளக்குவது கடினம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது நாற்காலிகளைச் சுவரில் வீசுவார். ஏணியைத் தூக்கிச் சுழற்றுவார். பியானோவுக்குள் மதுவை ஊற்றினார். குடியிலிருந்து மீள முடியாத அந்த மனிதரை அப்போது வேறு யாரும் நம்பி வேலைக்கு அழைக்கத் தயாராக இல்லை. பில் பிரைஸ் என்ற பொறுமைசாலி ஒலிப்பதிவுப் பொறியாளராக அமைந்ததால் ஆல்பம் பிழைத்தது என்பது என் கணிப்பு.

முதல் பாட்டு, ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய 'லண்டன் காலிங்'. போர்க்காலத்தில் பிபிசி வானொலி உலகத்தை அழைத்த அறிவிப்பைப் பெயராக எடுத்துக்கொண்டு, உலகம் முடியப்போகிறது என்ற செய்தியை வாசிக்கிறார்கள். 1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் விபத்து நடந்திருந்தது. தேம்ஸ் நதி பெருகினால் லண்டனைக் காக்க வேண்டிய தடுப்பணை அப்போது கட்டி முடியவில்லை. 1984இல்தான் முறைப்படி திறந்தார்கள். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் நதிக்கரையை ஒட்டிய பகுதியில் குடியிருந்தார். பல்லவியின் முடிவில் தான் நதியோரம் வசிப்பதாக அவர் சொல்வதை இளவயதில் வீரவசனம் என்று எடுத்துக்கொண்டேன். 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு பெருகியதைப் பார்த்தவனுக்கு அது வெறும் முகவரி. வெள்ளம் வந்தால் முதலில் நான் என்கிறார்.

இதில் கேட்கவேண்டியது தொடக்கம்தான். கிதார் இரண்டும் அணிவகுப்புப்போல வெட்டி வெட்டி அடிக்கின்றன. டிரம்ஸ் அதே இடத்தில் அதே கனத்தில் விழுகிறது. சில நொடிகள் கழித்து பால் சிமனனின் பேஸ் கிதார் மேலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. தூரத்து ஆலைச் சங்குபோல ஒரு சத்தம். அந்தச் சங்கு ஊதிய பிறகு நகரத்தில் யாரும் வீட்டில் இருக்க முடியாது. கடைசியில் கிதார் மோர்ஸ் குறியில் உதவி கேட்டுக்கொண்டே அணைகிறது.

அடுத்த 'பிராண்ட் நியூ காடிலாக்' இவர்களுடையது அல்ல. வின்ஸ் டெய்லர் 1959இல் பாடியது. பதிவுக்கு முன்னோட்டமாக ஒருமுறை வாசித்துப் பார்த்தார்கள். நடுவில் காலப்பிரமாணம் ஏறிவிட்டது. நம் கச்சேரியில் மிருதங்கக்காரரை மற்றவர்கள் முறைக்கும் இடம். டாப்பர் வேகம் ஓடிவிட்டது, திரும்ப வாசிக்கலாம் என்றாராம். நல்ல ராக் அண்ட் ரோல் எல்லாமே ஓடத்தான் செய்யும் என்று சொல்லி ஸ்டீவன்ஸ் அதையே வைத்துக்கொண்டார். அவர் செய்ததிலேயே சரியான காரியம் இது.

இங்கே உறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1977இல் இதே குழு, எல்விஸும் பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் இனி கிடையாது என்று பாடியது. இரண்டே ஆண்டில், 1956இல் வந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ஆல்பத்தின் உறையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்: இடப்புறம் செங்குத்தாக இளஞ்சிவப்பு எழுத்து, அடியில் கிடையாகப் பச்சை எழுத்து. ரே லோரியின் வடிவமைப்பு. எல்விஸ் கிதாரை ஏந்திப் பாடிய இடத்தில் சிமனன் தன் பேஸ் கிதாரைத் தரையில் அடித்து உடைக்கிறார். 1979 செப்டம்பரில் நியூயார்க் பல்லேடியத்தில் பென்னி ஸ்மித் எடுத்த படம். ரசிகர்களை இருக்கையைவிட்டு எழவிடாமல் காவலர்கள் தடுத்த எரிச்சலில் செய்ததாக சிமனன் பின்னாளில் சொன்னார். படம் குவியத்தில் இல்லை, போடவேண்டாம் என்று ஸ்மித் மறுத்திருக்கிறார். உண்மையிலேயே கலங்கிய படம்தான். குனிந்த முதுகும் அகட்டிய கால்களும் தெரிகின்றன, முகம் தெரியவில்லை. தாத்தாவைத் திட்டிவிட்டுப் போன பேரன் அவருடைய வேட்டியையே கட்டிக்கொண்டு திரும்பி வந்ததுபோல இருக்கிறது இந்த உறை.

'ஜிம்மி ஜாஸ்' பாட்டை அந்தக் காலத்தில் எப்போதும் ஓட்டித் தள்ளிவிடுவேன். சீட்டி, குழறல், சோம்பலான ஊதுகருவிகள். போலீஸ் ஜிம்மியைத் தேடி வந்திருக்கிறது. ஜிம்மி எங்கே என்று தெரியாததுபோல் பாடகர் வாயில் வந்ததை உளறுகிறார். உளறல்தான் மறைப்பு என்பது இப்போதுதான் புரிந்தது. இப்போது முதல் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. 'ஹேட்ஃபுல்', போதைப்பொருள் விற்பவனிடம் மாட்டிக்கொண்டவனின் பாட்டு. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் சிட் விஷஸ் ஹெராயினால் இறந்த ஆண்டு அது. அவ்வளவு இருட்டான விஷயத்தை, அமெரிக்க ராக் அண்ட் ரோல் முன்னோடி போ டிட்லியின் துள்ளல் தாளத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் போ டிட்லியோடு அமெரிக்கா சுற்றிவந்த பாதிப்பு. 'ரூடி கான்ட் ஃபெயில்' பாட்டில் பெரியவர்கள் ஓர் இளைஞனைக் கண்டிக்கிறார்கள்: காலைப் பலகாரத்துக்குப் பதில் பீர் குடிக்கிறாய், வேலை தேடு. அவன் பதில் ஊதுகருவிகளில் வருகிறது. பாட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை.

தட்டைத் திருப்பினால் 'ஸ்பானிஷ் பாம்ப்ஸ்'. ஸ்பெயினின் கடற்கரை விடுதிகளில் பாஸ்க் பிரிவினை இயக்கமான எட்டா 1979இல் குண்டு வைத்தது. அந்தச் செய்தியிலிருந்து ஸ்ட்ரம்மர் 1936க்குத் தாவுகிறார்: உள்நாட்டுப் போர், கிரனடாவுக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்ட கவி ஃபெடரிகோ கார்சியா லோர்கா, இன்றுவரை கண்டெடுக்கப்படாத உடல். சுற்றுலாப் பயணிகள் வெயில் காயும் மண்ணுக்கடியில் யார் கிடக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பல்லவியில் வரும் ஸ்பானிஷ் மொழி பிழைகள் மலிந்தது. ஆனால் அந்தப் பிழையில் ஒரு வாஞ்சை இருக்கிறது. அடுத்தவன் துக்கத்தை அவன் மொழியிலேயே சொல்ல முயன்று தடுமாறுவது. ஸ்ட்ரம்மர் 1980களில் கிரனடா போய்த் தங்கியிருந்தார். 2013இல் அந்த நகரம் ஒரு சிறு சதுக்கத்துக்கு அவர் பெயரை வைத்தது. இலக்கணப் பிழையை மன்னித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

'தி ரைட் ப்ரொஃபைல்', 1956இல் கார் விபத்தில் முகம் சிதைந்த ஹாலிவுட் நடிகர் மான்ட்கோமரி கிளிஃப்டைப் பற்றியது. இடப்பக்க முகம் பழையபடி அசையாததால் வலப்பக்கமே கேமராவுக்குக் காட்ட வேண்டியிருந்தது. குடி, மாத்திரை, மறைந்துபோன அழகு. ஸ்ட்ரம்மர் கடைசியில் சொற்களை விட்டுவிட்டு வெறுமனே ஊளையிடுகிறார். கிளிஃப்டைப் பற்றிய புத்தகத்தை அவருக்குக் கொடுத்தவர் ஸ்டீவன்ஸ் என்பார்கள். கொடுத்தவர் தன்னைப் பற்றித்தான் கொடுத்தார் என்று தோன்றுகிறது. 1981 ஆகஸ்டில், குடியை நிறுத்தத் தந்த மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கி ஸ்டீவன்ஸ் இறந்துபோனார்.

அடுத்தது என் பாட்டு. 'லாஸ்ட் இன் தி சூப்பர்மார்க்கெட்'.

சரக்கு அடுக்குவதற்கு ஒரு சாஸ்திரம் உண்டு. பழைய தேதி முன்னால், புதிய தேதி பின்னால். அதற்காக அலமாரியில் இருப்பதையெல்லாம் முதலில் வெளியே எடுக்க வேண்டும். அட்டைப்பெட்டியைக் கத்தியால் கிழித்துப் புதிய டின்களை உள்ளே தள்ளி, பழையவற்றை முன்வரிசையில் நிறுத்த வேண்டும். லேபிள்கள் அத்தனையும் வெளியே பார்த்து நிற்க வேண்டும். ஒரு டின் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் மேற்பார்வையாளர் விரலால் தட்டிக் காட்டுவார். மூன்று மணிக்குத் தக்காளி டின்கள், நான்கு மணிக்கு நாய் உணவு. குளிர்சாதனப் பெட்டிகளின் முனகலைத் தவிர வேறு சத்தம் இருக்காது. வாக்மேன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. சட்டைக்குள் வயரை ஓட்டி, சுவர்ப்பக்கமிருந்த காதில் மட்டும் செருகியிருந்தேன். மிக் ஜோன்ஸின் மெல்லிய குரல், சூப்பர்மார்க்கெட்டில் வழி தவறிவிட்டேன், இனி மகிழ்ச்சியாக வாங்க முடியவில்லை என்ற பொருளில் பாடத் தொடங்கியபோது என் கையில் ஒரு பட்டாணி டின் இருந்தது. அதை அலமாரியில் வைக்காமல் பாட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.

பாடியது ஜோன்ஸ் என்பதால் எழுதியதும் அவரே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். எழுதியவர் ஸ்ட்ரம்மர். பெற்றோர் பிரிந்துபோக, அடுக்குமாடியில் பாட்டியிடம் வளர்ந்தவர் ஜோன்ஸ். அவருடைய பால்யத்தைக் கற்பனை செய்து, நண்பனுக்கு ஒரு பரிசுபோல எழுதி, நீயே பாடு என்று கொடுத்திருக்கிறார். ஸ்ட்ரம்மர் தூதரக அதிகாரியின் மகன். 1952இல் அங்காராவில் பிறந்து, ஒன்பது வயதிலிருந்து உறைவிடப் பள்ளியில் வளர்ந்தவர். தனிமையை அவர் யாரிடமும் கடன் வாங்கவேண்டியிருக்கவில்லை. ஆனாலும் தன் பெயரில் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்தவர் வாயில் வைத்துச் சொல்லிவிட்டார். டாப்பரின் டிரம்ஸ் இதில் அத்தனை மென்மை. தூங்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோலப் போகிறது.

'கிளாம்ப்டவுன்' இதற்கு நேர் எதிர். இளைஞர்களைப் பிடித்து, சீருடை மாட்டி, அதிகாரத்தின் கையாளாக்கும் இயந்திரத்தைப் பற்றியது. அந்த ஆண்டு மே மாதம்தான் தாட்சர் பிரதமரானார். முன்பெல்லாம் இதைக் கேட்டு முஷ்டியை உயர்த்துவேன். இப்போது ஒரு வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது: அதட்ட ஆள் கிடைத்துவிட்டது, பெரிய ஆளாக உணர்கிறாய் என்ற பொருளில் வரும் இடம். எனக்கும் இப்போது கீழே ஏழு பேர் வேலை செய்கிறார்கள். விரலால் தட்டிக் காட்டும் பழக்கம் என்னிடமும் இருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள்.

பக்கத்தின் கடைசியில் 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்'. பிரிக்ஸ்டனில் வளர்ந்த சிமனன் எழுதிப் பாடியது. பாட்டு எழுதுகிறவருக்குத்தான் பணம் வருகிறது என்று கண்டுகொண்டதால் எழுத முனைந்ததாக அவரே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். குரல் தட்டையானது, சுருதியும் சந்தேகம். ஆனால் அந்த பேஸ்! நாலே நாலு அடி பதுங்கி நடந்து, நின்று, திரும்பிப் பார்ப்பதுபோல ஒரு சுழற்சி. இதே பேஸ் வரியைக் கொண்டு 1990இல் பீட்ஸ் இன்டர்நேஷனல் என்ற குழு உருவாக்கிய நடனப் பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. நம்மவர் தொடர்பும் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் பால்யத்தைக் கழித்து அகதியாக லண்டன் திரும்பிய எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசம், 2007இல் வெளியான தன் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைக் கட்டியது கிளாஷின் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' மீதுதான். குடியேறிகளைப் பற்றி வெள்ளைக்காரர்கள் பாடியதைக் குடியேறி ஒருத்தி வாங்கித் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டாள்.

பாட்டின் கேள்வி எளிது: அவர்கள் உன் வீட்டுக் கதவை உதைத்து உள்ளே வந்தால் எப்படி வெளியே வருவாய், கையைத் தலைமேல் வைத்துக்கொண்டா, துப்பாக்கியோடா? ஜமைக்காவின் 'தி ஹார்டர் தே கம்' படத்து நாயகன் ஐவனை மனத்தில் வைத்து எழுதியது. பாட்டு வந்து ஒன்றரை ஆண்டுக்குள், 1981 ஏப்ரலில், பிரிக்ஸ்டன் பற்றியெரிந்தது. சில நாட்களில் ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தெருவில் நிறுத்தி போலீஸ் சோதனை போட்டதன் விளைவு. கேசட் கொடுத்தவருக்கு அப்போது 16 வயது. இந்தப் பாட்டைப் பற்றி ஒருமுறை கேட்டேன். பெட்டியைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "பாட்டில் இரண்டு வழிதான் இருக்கிறது. எங்கள் தெருவில் கதவு உடைந்த சத்தம் கேட்டபோது நான் மூன்றாவது வழியைப் பிடித்தேன். கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

இரண்டாவது தட்டு. 'ராங் எம் பாயோ', தி ரூலர்ஸ் என்ற ஜமைக்கக் குழுவின் பாட்டு. 1895இல் செயின்ட் லூயிஸ் நகரின் மதுக்கடையில் லீ ஷெல்டன் என்பவர் பில்லி லயன்ஸைச் சுட்ட சம்பவம், ஸ்டாகர் லீ என்ற கதைப்பாடலாகி நூறு வாய் மாறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. பாட்டு பழைய பாணியில் தொடங்கி, சட்டென்று நின்று, முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று ஜமைக்காவின் ஸ்கா தாளத்தில் மறுபடி எடுக்கிறது. அரை இடம் தள்ளி விழும் அந்த கிதாரை டாப்பர் எப்படி முதுகில் தூக்கிக்கொண்டு போகிறார் என்பதை ஹெட்போனில் கேட்க வேண்டும். நண்பரின் தந்தை வீட்டில் மூலப் பாட்டு இருந்ததாம். "எங்கள் பாட்டைத் திருடினார்கள் என்று உங்களுக்குக் கோபமில்லையா?" என்று கேட்டதற்கு, "உறையில் பெயர் போட்டிருக்கிறார்களே" என்றார். 18 பெயரை உட்கார்ந்து எழுதியவருக்குத் தெரியாதா!

'டெத் ஆர் குளோரி' ஆல்பத்தின் நடுமுள். புரட்சி பேசியவன், விரல் முட்டிகளில் அன்பு என்றும் வெறுப்பு என்றும் பச்சை குத்திக்கொண்டவன், கடைசியில் அதே கையால் பிள்ளைகளை அடிக்கிறான். வீரமோ மரணமோ, முடிவில் எல்லாம் இன்னொரு கதைதான் என்கிறது பல்லவி. தங்களுக்கும் இதுதான் நேரும் என்ற பயத்தில் எழுதியது. 27 வயதில் இதை எழுத முடிந்தது வியப்பு. ஸ்ட்ரம்மருக்கு அப்படி நேரவில்லை. 2002 நவம்பரில் லண்டனின் ஆக்டன் டவுன் ஹாலில், வேலைநிறுத்தம் செய்த தீயணைப்பு வீரர்களுக்காக நிதி திரட்டப் பாடிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நின்ற மிக் ஜோன்ஸ் மேடையேறிச் சேர்ந்துகொண்டார். 1983க்குப் பிறகு இருவரும் ஒரே மேடையில் நின்றது அன்றுதான். ஐந்து வாரம் கழித்து, டிசம்பர் 22 அன்று, ஸ்ட்ரம்மர் இதயக் கோளாறால் இறந்தார். வயது 50.

'கோக்கா கோலா' இரண்டு நிமிடம்கூட இல்லை. விளம்பர உலகத்தைக் கிண்டல் செய்துவிட்டு ஓடிவிடுகிறது. 'தி கார்ட் சீட்' பாட்டில் சீட்டாட்டத்தில் ஏமாற்றியவன் சுடப்படுகிறான். மரணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். கருவிகள் அனைத்தையும் இரண்டு முறை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கோயில் பிரகாரத்தில் நின்று கேட்பதுபோல முழங்குகிறது.

நான்காம் பக்கத்தின் தொடக்கம் சுமார்தான். 'லவர்ஸ் ராக்' எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. காதலைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர்களை நம்புவதற்கில்லை. 'ஃபோர் ஹார்ஸ்மென்' தற்பெருமை, கேலி கலந்தது என்றாலும். 'ஐயம் நாட் டவுன்' மிக் ஜோன்ஸின் பாட்டு. நான் விழவில்லை என்று ஒருவன் இத்தனை முறை சொன்னால் விழுந்து கிடக்கிறான் என்று பொருள். டிரம்ஸ் மட்டும் அவனைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறது.

அந்த டிரம்ஸ்காரரின் கதையைச் சொல்லாமல் விட்டால் அது கள்ளத்தனம். முந்தைய ஆல்பத்தின் தயாரிப்பாளர் சாண்டி பேர்ல்மன் அவரை மனித டிரம் மெஷின் என்று அழைத்தார். ஸ்கா, ஜாஸ், ரெகே, ராக் என எதைக் கொடுத்தாலும் ஒரே நாளில் பிடித்துவிடுவார். குழுவின் பெரிய வெற்றிகளில் ஒன்றான 'ராக் தி காஸ்பா' அவர் போட்ட மெட்டு. அந்தப் பாட்டு வெளியான 1982இலேயே, ஹெராயின் பழக்கத்தால் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 'ஹேட்ஃபுல்' பாட்டில் துள்ளித் துள்ளி வாசிப்பதும் அவரேதான். ஞாயிறன்று முதல் பக்கத்தை மறுபடி போட்டபோது அந்தப் பாட்டைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. நின்று கேட்கவும் முடியவில்லை.

'ரெவல்யூஷன் ராக்' ஒரு ரெகே பாட்டின் மறுவார்ப்பு. ஐந்தரை நிமிடத்துக்கு மேல் நீளும் இந்தப் பாட்டின் கடைசியில் ஸ்ட்ரம்மர் கல்யாணக் கச்சேரிக்காரராகிவிடுகிறார்: கல்யாணமோ விருந்தோ எதுவானாலும் வாசிப்போம், விரும்பியதைக் கேளுங்கள் என்று கூவி விற்கிறார். ஆல்பம் இத்தோடு முடிவதாகத்தான் ஏற்பாடு. இரண்டு தட்டுகளை ஒரு தட்டின் விலைக்கு, ஐந்து பவுண்டுக்கு, விற்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்து நிறுவனத்தை வழிக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு சின்ன இலவசத் தட்டு சேர்த்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் சம்மதிக்க, அந்த இலவசத்தில் ஒன்பது பாட்டை ஏற்றிவிட்டார்கள்.

அந்த ஒன்பதாவதுதான் அட்டையில் பெயர் இல்லாதது. ஒரு வாரப் பத்திரிகை இலவசமாகத் தரவிருந்த தட்டுக்காக ஜோன்ஸ் அவசரமாக எழுதிய பாட்டு. அந்த ஏற்பாடு நடக்கவில்லை, பாட்டை ஆல்பத்தின் கடைசியில் சேர்த்தார்கள். அதற்குள் உறை அச்சுக்குப் போயிருந்தது. தி ஸ்லிட்ஸ் குழுவின் விவ் ஆல்பர்டீனோடு அவருக்கிருந்த காதல் முறிந்த நேரம். கூட நிற்பேன் என்று சொன்னாயே, நின்றாயா என்று கேட்கிறார். இதில் அரசியல் கிடையாது, வெள்ளம் கிடையாது. ரயில் தண்டவாளத்தில் போவதுபோல டிரம்ஸ் போய்க்கொண்டே இருக்கிறது. அமெரிக்கப் பாட்டு விற்பனைப் பட்டியலில் 23ஆம் இடம்வரை ஏறியது.

கேசட்டில் அந்தப் பாட்டு முடிந்ததும் பத்து நிமிடத்துக்கு மேல் வெற்று நாடா ஓடும். வாக்மேனை நிறுத்த மறந்து, அந்த இரைச்சலையும் கேட்டுக்கொண்டே டின்களைத் திருப்பி வைத்திருக்கிறேன். பாட்டின் பெயரை நண்பரிடம் கேட்க வேண்டும் என்று வாராவாரம் நினைப்பேன். வசந்தத்தில் அவர் வேறு கிளைக்கு மாற்றலாகிப் போனார். போகும் நாளன்றும் கேட்க மறந்துபோனேன். பாட்டின் வரிகளில் பெயர் வருவதில்லையாதலால் கடைகளில் தேடவும் வழியில்லை. பல ஆண்டுகள் எனக்கு அது 'கடைசிப் பாட்டு' மட்டுமே.

ஞாயிறன்று ஊசி ஓரத்துக்கு வந்து டக், டக் என்று சுற்றத் தொடங்கியதும் எழுந்துபோய்த் தட்டை எடுத்தேன். உறையில் இன்றும் 18 பெயர்தான். ஜன்னல் வெளிச்சத்தில் நான்காம் பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தேன். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வழவழப்பான வளையத்தில், யாரோ கூர்முனையால் கையால் கீறிய எழுத்துகள் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். 'ட்ரெயின் இன் வெயின்'. அவர் வைத்திருந்த தட்டிலும் இது இருந்திருக்கும்.